ஆள் இல்லாத மெஷின்

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பலகைத் தடுப்பு அறையில் மாப்பிள்ளை குடியேறி ஒரு மாதம் ஆகிறது. பாய் தலையணையோடு வந்து குடியேறவில்லை. இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஒரு சுழல் நாற்காலி, ஒரு கப் நிறைய பேனா. எழுத ஒன்றும் இல்லாதவருக்கு எதற்கு அத்தனை பேனா என்று பட்டறையை நடத்துகிற மாமனார், லேத்துக்காரர், முதல் நாளே கேட்டார். மாப்பிள்ளை சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை அவர் ஏன் விட்டார், விட்டதைப் பெண்டாட்டியிடம் எப்படி மறைத்தார் என்பதெல்லாம் போன வாரங்களில் பார்த்தாயிற்று. இப்போது அவர் செய்கிற தொழில், காலையில் ஷேரை வாங்கி அன்றைக்கே விற்பது. சில நாள் காலையில் விற்று அன்றைக்கே வாங்குவது. இந்த இரண்டாவது எப்படி முடியும் என்று லேத்துக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையில் இல்லாத சாமானை விற்கிறவனை அவருக்குத் தெரிந்த இடத்தில் வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இன்று அந்த அறையில் இரண்டாவதாக ஒரு நாற்காலி. மகள் உட்கார.

விஷயம் இதுதான். பட்டறை மகள் பேரில் இருக்கிறது. லேத்துக்காரர் தன் மனைவி இறந்த பிறகு, தான் இருக்கிற காலத்திலேயே எழுதிவைத்துவிட்டார். அந்தப் பட்டறையை அடமானம் வைத்துப் பெரிய முதல் போட்டால் பெரிய லாபம் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. காகிதமெல்லாம் தயார். மகள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவள் உடனே முடியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை போன வாரமே முடிந்திருக்கும். அவள் சொன்னது வேறு.

"ஒரு நாள் உங்க பக்கத்துல உக்காந்து பாக்கறேன். சாயங்காலம் சொல்றேன்."

ஒரு நிபந்தனையும் போட்டாள். போன் அவளிடம் இருக்க வேண்டும். போனில் ஒரு குரூப் இருக்கிறது. அதில் முகம் தெரியாத ஒருத்தன் இதை வாங்கு, அதை விற்றுவிடு என்று செய்தி அனுப்புகிறான், மாப்பிள்ளை அதன்படி ஆடுகிறார் என்று அவளுக்குச் சந்தேகம்.

"அவர் சொல்லித்தான் நீங்க செய்றீங்கன்னா, நான் அவர்கிட்டயே கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன். நடுவுல நீங்க எதுக்கு?"

மாப்பிள்ளை போனை எடுத்து நீட்டினார். அவள் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

லேத்துக்காரர் தன் மெஷினில் நின்றுகொண்டே இதையெல்லாம் கேட்டார். வாழ்நாள் முழுக்க லேத் சத்தத்துக்குள் நின்றவர். அந்தச் சத்தத்துக்கு நடுவே மனிதப் பேச்சைத் தனியாகப் பிரித்து எடுக்கிற காது அவருக்கு. எதிரில் நின்று பேசினால் கேட்காத மாதிரி இருப்பார். பலகைக்குப் பின்னால் முணுமுணுத்தால் ஒரு எழுத்து தப்பாது.

சந்தை திறந்ததும் மாப்பிள்ளை பாடம் ஆரம்பித்தார். ஷேர் சந்தை பகலில் மட்டும்தான். அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் புரோக்கரே முடித்துவிடுவான். கச்சா எண்ணெய், தங்கம், செம்பு மாதிரிச் சரக்குகளுக்கு ராத்திரி வரை கடை உண்டு. ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டுப் பணத்தை வாங்குகிற சந்தை வாரக் கடைசி வரை தூங்குவதே இல்லை. அதில் விலை எறும்பு மாதிரிதான் நகரும். அதனால் கடன் நிறையக் கொடுப்பார்கள். இப்படியே சொல்லிக்கொண்டு போனார். குரலில் ஒரு மிதப்பு இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது தன் வேலையைப் பற்றிச் சொன்ன அதே மிதப்பு.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு சொட்டை வைத்துக்கொண்டு ஆளையே எடைபோடுகிற பழக்கம். கேள்வியும் அப்படித்தான் வந்தது.

"கடன்னா எவ்வளவு?"

கையில் ஒரு பங்கு பணம் இருந்தால் அஞ்சு பங்குக்கு எடுக்கலாம், சில சந்தையில் அம்பது பங்குக்குக்கூட எடுக்கலாம் என்றார் மாப்பிள்ளை. லாபமும் அம்பது மடங்கு.

"நஷ்டம்?"

"அதுவும் அப்படித்தான். அதுக்குத்தான் நாம கவனமா இருக்கறது."

லேத்துக்காரருக்குக் கையில் இருந்த டூல் கனத்தது. லேத்தின் பிடியான சக்கில் விரல்நுனி அளவு இரும்பைப் பிடித்துக்கொண்டு மிச்சக் கம்பி முழுவதையும் வெளியே நீட்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கம்பி சாட்டை மாதிரி வளைந்து நிற்கிறவன் மண்டையைத் தேடும். அங்கே கவனத்துக்கு வேலையே கிடையாது. இதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மாப்பிள்ளை, "அது இரும்பு மாமா" என்று சொல்லியிருப்பார். அதுவும் நியாயம்தான். அவருக்குத் தெரிந்தது இரும்பு மட்டும்தான். அது அன்று மத்தியானமே தெரிந்துபோயிற்று.

காலையில் மாப்பிள்ளைக்கு ராசி. ஒரு சிமெண்ட் கம்பெனி ஷேரை வாங்கி, டீ குடித்து முடிப்பதற்குள் விற்றார். லாபம். திரையில் பச்சை எழுத்து. மகள் அதைப் பார்த்தாள், அவர் நெற்றியையும் பார்த்தாள். பச்சை எழுத்துக்கு எதற்கு இவ்வளவு வேர்வை என்று அவள் கேட்டது பட்டறை வரைக்கும் கேட்டது.

டிரில்லிங் மெஷினில் நிற்கிற 'பேப்பர்' சிரித்துவிட்டான். மத்தியானம் சாப்பிடும்போது செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். "மாப்பிள்ளை உக்காந்துட்டே வேர்க்கறாரு, நாம நின்னுட்டே வேர்க்கறோம். அவ்வளவுதான் வித்தியாசம் மொதலாளி" என்றான். லேத்துக்காரர் அவனை முறைத்தார். மாப்பிள்ளையைத் திட்டுகிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது மாப்பிள்ளை இரண்டாவது ஆட்டத்தை ஆரம்பித்தார். இந்தத் தடவை விற்றுவிட்டு வாங்குகிற வகை. ஒரு மருந்துக் கம்பெனி. விலை இறங்கப்போகிறது, இப்போது விற்று வைத்தால் இறங்கினதும் வாங்கிக் கணக்கை முடிக்கலாம் என்றார்.

"ஏறிட்டா?"

"ஏறாது."

"நான் அதைக் கேக்கல. ஏறிட்டா?"

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். ஸ்டாப் லாஸ். நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"இந்த விலையைத் தாண்டினா என்னைக் கேக்காம முடிச்சுடுன்னு புரோக்கர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுடறது. கரன்ட் போகட்டும், கம்ப்யூட்டர் வெடிக்கட்டும், நானே மயங்கி விழட்டும். அது அங்க இருந்தே தானா நிறுத்திடும். அது போடாம நான் ஒரு நாளும் எடுக்கறது இல்ல. இவ்வளவுதான் போகும், இதுக்கு மேல போகாதுன்னு ஆரம்பத்துலயே தெரியும்."

"இதுக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

மகள் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு இளக்கம். லேத்துக்காரர் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார். பெண் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றிவிட்டது. சாப்பாட்டைச் சுட வைத்து எடுத்து வருகிறேன் என்று அவள் மாடிக்குப் போனாள். பட்டறைக்கு மேலேதான் லேத்துக்காரர் வீடு.

அவள் படியேறின சத்தம் அடங்கியதும் மாப்பிள்ளை எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனார்.

லேத்துக்காரர் தன் மெஷினை நிறுத்திவிட்டு முன்வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். எதிர் டீக்கடையில் மாப்பிள்ளை நிற்கிறார். கையில் டீ இல்லை. டீக்கடைக்காரன் போன் அவர் காதில். ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார். முகம் தெரியாதவன் நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு பக்தி பாருங்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. சுவரில் பெயின்டால் எழுதியே இருக்கிறது: ஆள் இல்லாத மெஷின் ஓடக்கூடாது. ஒருத்தன் ஓடுகிற மெஷினை விட்டு நகர்ந்தால், பார்க்கிறவன் யாராயிருந்தாலும் ஸ்விட்சை அணைத்து அதன் பிடியில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவான். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். விட்டுவிட்டுப் போனவன் வந்து அவன் முன்னால் நின்று கேட்க வேண்டும். கட்டினவன் கைவேலையை முடித்துவிட்டுத்தான் வருவான். பட்டறை நடுவில் எல்லோரும் பார்க்க நிற்கிறதுதான் தண்டனை. துணியைத் தானே அவிழ்த்தவனுக்கு மறுநாள் அங்கே வேலை கிடையாது. அப்படி இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஒருவன் லேத்துக்காரரின் சொந்தத் தம்பி.

பலகை அறையில் திரை இரண்டும் எரிகின்றன. உள்ளே விசிறி சுற்றுகிறது. எண்கள் குதிக்கின்றன. நாற்காலியில் ஆள் இல்லை.

அவர் உள்ளே போகக்கூட இல்லை. அந்த அறைக்கான ஸ்விட்ச் வெளியே சுவரில். கீழே இழுத்தார். திரை இரண்டும் இருண்டன. பேட்டரி பெட்டி வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று மாப்பிள்ளை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததோடு சரி. சிவப்புத் துணியை எடுத்துப் பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டார். பேப்பர் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

லேத்துக்காரர் திரும்பி வந்து, நீளமான இரும்பு ஷாஃப்ட் ஒன்றை மாட்டி மெஷினை ஓட்டினார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது நடையில் ஒரு வேகம் இருந்தது. அறையைப் பார்த்தார், ஸ்விட்சைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"மாமா, கரன்ட் போயிடுச்சா?"

"போகல. நான் அணைச்சேன்."

"போட்டு விடுங்க. கொஞ்சம் அவசரம்."

"கட்டிங் ஓடுது மாப்ளே. முடிச்சுட்டு வரேன்."

இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. மாப்பிள்ளை நின்றார். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பேப்பரும் மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அந்த நேரத்தில் லேத்துக்காரருக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. கல்யாணப் பந்தலில் இருந்து இன்றுவரை இந்த மனிதர் வந்தால் எழுந்து நின்றே பழகிவிட்டது அவருக்கு. இன்று இவர் நிற்கிறார். வழக்கமாக ஓட்டுகிற வேகத்தில் பாதிதான் வைத்தார்.

"மாமா, விளையாடாதீங்க."

"ஆள் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. அணைச்சாச்சு. இனி உள்ள எதுவும் ஓடாது. எதுக்குப் பதறணும்?"

"உள்ள ஓடல மாமா. வெளியில ஓடுது."

இது அவருக்குப் புரியவில்லை. சாக்கு என்று நினைத்தார். நிறுத்தின பிறகும் ஓடுகிற மெஷினை அவர் எங்கே கண்டார்?

மாப்பிள்ளை மாடிப்படியைப் பார்த்தார். மேலே போய்ப் போனைக் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்று மகள் கேட்பாள். மறுபடி டீக்கடைக்கு ஓடலாம். அங்கிருந்து பேச முடியுமே தவிர, வேறு போனில் அவர் கணக்கைத் திறக்க அவர் போனுக்கு வருகிற ரகசிய எண் வேண்டும். மூன்று பக்கமும் சுவர். நான்காவது பக்கம் மாமனார்.

ஷாஃப்டில் இன்னும் பாதி இருந்தது. மாப்பிள்ளை விறுவிறுவென்று போய் ஸ்விட்சில் இருந்த துணியை இழுத்தார். முடிச்சு வரவில்லை. கிழித்தார். பிடியை மேலே தள்ளினார்.

பட்டறையில் எல்லா மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

படியின் கடைசிப் படியில் மகள் நின்றிருந்தாள், கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள். அவளும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவள்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அறைக்குள் கம்ப்யூட்டர் சாவகாசமாகக் கண் விழித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். மகள் பாத்திரத்தை லேத் மேல் வைத்துவிட்டு அவர் பின்னால் வந்து நின்றாள்.

"ஸ்டாப் லாஸ் போட்டாச்சுன்னு சொன்னீங்க."

மாப்பிள்ளை இருண்ட திரையைத் தட்டினார்.

"கரன்ட் போனாலும் அது தானா நிறுத்திடும்னு சொன்னீங்க. போட்டிருந்தா எதுக்கு இந்த ஓட்டம்? எதுக்கு அந்தத் துணியைக் கிழிச்சீங்க?"

திரை வந்தது. நெட் வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போடல" என்றார் மாப்பிள்ளை.

"ஏன்?"

போட்டால் விலை சரியாக அதுவரைக்கும் வந்து தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது, நேற்றும் முந்தாநாளும் அப்படித்தான் ஆயிற்று, அதனால் இந்தத் தடவை மனசில் வைத்திருந்தேன், அந்த விலை வந்தால் நானே முடித்துவிடலாம் என்று இருந்தேன் என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மனசுல வெச்சிருந்தவரு இங்க இல்ல உக்காந்திருக்கணும்?" என்றார் வாசலில் வந்து நின்ற லேத்துக்காரர். "டீக்கடைக்காரன் போனு காதுல இருந்துச்சு."

மகள் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன் உள்ளேதான் இருந்தது. "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

கணக்கு திறந்தது. சிவப்பு எழுத்து. மருந்துக் கம்பெனிக்கு ஏதோ நல்ல செய்தி வந்து விலை செங்குத்தாக ஏறியிருந்தது. கடனுக்கு ஈடாக வைத்தது கரைந்ததும் புரோக்கரே உச்சியில் வாங்கிக் கணக்கை முடித்துவிட்டான். அந்த மாதம் சம்பாதித்தது முழுவதும் போய், அதற்கு முன்னால் போட்டதிலும் பெரும்பகுதி போயிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அவன் முடித்த பிறகு விலை இறங்க ஆரம்பித்திருந்தது.

"நீங்க அந்த ஷாஃப்டை விட்டுட்டு வந்திருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும் மாமா" என்றார் மாப்பிள்ளை. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லேத்துக்காரருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் நிறுத்தினேன். நின்னுடும்னு நெனச்சேன்."

"இல்லப்பா." மகள் திரும்பினாள். "அணைச்சப்ப அப்படி நெனச்சிருப்பீங்க. அதுக்கப்புறம் மெதுவா ஓட்டுனீங்களே, சத்தத்துலயே மேல தெரிஞ்சுது. அது இவரை நிக்க வெக்கறதுக்கு."

லேத்துக்காரர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

மகள் மேஜையில் இருந்த அடமானக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்தாள். தரையில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்தாள். வெளியே போய் ஸ்விட்சை இழுத்து அணைத்தாள். கிழிந்த துணியில் ஒரு முடிச்சுக்குத்தான் நீளம் இருந்தது. அதை இறுக்கிக் கட்டினாள். பட்டறையின் சொந்தக்காரி கட்டின முடிச்சு. இனி அவள் அப்பாவே ஆனாலும் அவிழ்க்க முடியாது.

"கட்டாத" என்றார் மாப்பிள்ளை இருட்டு அறைக்குள் இருந்து. "இன்னொண்ணு ஓடிட்டு இருக்கு."

"எந்தச் சந்தையில?"

"பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் காயின். அதுக்கு லீவே கிடையாது. ராத்திரி பகல் கிடையாது. இறங்கிட்டே வருது. சாயங்காலத்துக்குள்ள இன்னும் கொஞ்சம் ஈடு வெக்கலன்னா அதையும் அவன் முடிச்சுடுவான்." அவர் கண் அவள் கையில் இருந்த காகிதத்தில் இருந்தது. "அதான் இன்னிக்கே கையெழுத்து கேட்டேன்."

"அதுல எதை வெச்சிருக்கீங்க?"

மெஷின்கள் நின்றிருந்ததால் அந்த மெல்லிய குரல் பட்டறையின் கடைசி வரைக்கும் கேட்டது.

"நம்ம வாடகை வீட்டு அட்வான்ஸ். வீட்டுக்காரர்கிட்ட திருப்பி வாங்கிட்டேன். மாசக் கடைசியில காலி பண்றோம்னு சொல்லிட்டேன்."

பேப்பர் கையில் இருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

மகள் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அவிழ்ப்பாளா என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் விரலால் அதை இன்னும் ஒரு தடவை இறுக்கினாள்.

"ஓடட்டும்" என்றாள். "முடியறப்ப முடியட்டும்."

பிறகு அப்பாவைப் பார்த்தாள். "மேல அந்த ரூம் காலியாதானே இருக்கு?"

லேத்துக்காரர் தலையை ஆட்டினார். இத்தனை வருஷமாக எதையும் அளந்து பார்த்தே வாழ்ந்தவர். அந்த நிமிஷத்தில்கூட ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும் அவருக்கு.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டார்.

மகள் பாத்திரத்தைத் திறந்தாள். மூன்று தட்டு கொண்டுவந்திருந்தாள். ஒன்றை அப்பா கையில் கொடுத்தாள், ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது தட்டு லேத் மேலேயே இருந்தது. அதைத் தொடலாமா என்று தெரியாமல் மாப்பிள்ளை இருட்டு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.